மணிக்கட்டில் இருக்கட்டும்

கேள்வி: சர்க்கரை நோய், மருந்து ஒவ்வாமை பொறித்த காப்பு அணிவது, நோயை ஊருக்கே தண்டோரா போடுவது ஆகாதா? – வாசகி, அரியமங்கலம்

பதில்: தஞ்சாவூர் சாலையில் ஒருவர் சர்க்கரை தாழ்ந்து தள்ளாடினால், நா குழறினால், 'குடித்திருக்கிறார்' என்று ஊரே ஒதுங்கிப்போகும். அந்தத் தண்டோரா மட்டும் பரவாயில்லையா? காப்பைப் பார்த்தால் 108 ஊழியர் உடனே சர்க்கரை அளவைச் சோதிப்பார். அமெரிக்காவில் 1953இல் லிண்டா காலின்ஸ் என்ற சிறுமி டெட்டனஸ் எதிர்மருந்து ஒவ்வாமல் உயிர் பிழைத்ததே பெரும்பாடு. டாக்டரான அவள் அப்பா, இத்தகைய காப்புகளுக்காகவே 1956இல் 'மெடிக்அலர்ட்' அமைப்பைத் தொடங்கினார். இந்த விவரமெல்லாம் செல்போனில் இருக்கிறதே என்பீர்கள். விழுந்த வேகத்தில் அது உடையலாம், தெறித்துப் போகலாம். கூச்சமென்றால் எழுத்தைத் தகட்டின் பின்பக்கம் பொறியுங்கள். தங்கம் வேண்டாம், எவர்சில்வர் போதும். பாத்திரத்தில் பெயர் வெட்டுபவரே வெட்டித் தருவார். மருந்தின் பெயரை மட்டும் டாக்டரிடம் சரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.