ஒரு பிளக் பாயிண்டும் நான்கு பாடபேதங்களும்

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறது. அதில் எத்தனை வோல்ட் வருகிறது? இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா இது ஒன்றே. வரவேண்டியது 230. அதை மூலபாடம் என்க. மூலத்தை நேரில் தொட்டுப் பார்த்தவர் மறுமுறை தொட விரும்புவதில்லை. ஆகவே நமக்குக் கிடைப்பவை உரைகள் மட்டுமே.

ஆய்வு நடந்த வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஸ்டெபிலைசரின் முள் 205 என்றது. என் மஞ்சள் மல்டிமீட்டர் 238 என்றது. மாமனார் துணியில் சுற்றி வைத்திருக்கும் மீட்டர் 221 என்றது. ஃபேன் சுற்றுகிற அழகைப் பார்த்தால் 180கூடத் தேறாது என்று என் மனைவி கூறியதால், 180 என்பாரும் உளர். திருக்குறளுக்குப் பழைய உரைகள் பத்து என்பது மரபு. பத்துப் பேர் பத்து விதமாகப் பொருள் சொன்னதால் எந்த வீட்டிலும் கம்ப்ரசர் புகைந்ததில்லை. இங்கே அந்தச் சலுகை இல்லை.

ஃபேன் வழிப் பாடத்தை முதலிலேயே தள்ளிவிடலாம். ரெகுலேட்டர் மூன்றில் இருந்தது.

அடுத்து முள். ஸ்டெபிலைசர் தலைக்கு மேலே ஸ்டாண்டில் இருப்பதால் அதை நாங்கள் அண்ணாந்து பார்த்தே வாசித்து வந்திருக்கிறோம். முள்ளுக்கும் அளவுத் தாளுக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. கண் கீழே இருந்தால் முள் வேறு கோட்டில் நிற்பதாகத் தெரியும். முக்காலி போட்டு ஏறி நேருக்கு நேர் பார்த்தேன்: 212. கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் 2.5 என்றிருந்தது. 2.5 என்றது என்னை எனின், முள் காட்டும் அளவில் 2.5 சதவீதம் என்று கொள்ளற்க. முழு அளவான 300இல் 2.5 சதவீதம். அதாவது எங்கே நின்றாலும் ஏழரை வோல்ட் முன்பின். ஏழரை என்ற எண் எங்கள் வீட்டில் ஏற்கெனவே வேறு காரணங்களுக்காகப் பேசப்படுவதால் இதை மாமனாரிடம் சொல்லவில்லை.

மஞ்சள் மீட்டரோடு வந்த தாளை வாங்கிய நாளுக்குப் பின் அன்றுதான் விரித்தேன். 750 வோல்ட் வரம்பில் பிழை 1.2 சதவீதம், அதன்மேல் கடைசி இலக்கத்தில் பத்து. அந்த வரம்பில் கடைசி இலக்கம் என்பது ஒரு வோல்ட். ஆக, 230க்கு இந்தப் பக்கம் 13, அந்தப் பக்கம் 13 தவறினாலும் கருவி தன் வாக்கை மீறியதாகாது. போதாததற்கு, திரையோரத்தில் பேட்டரிக் குறி மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தது. பேட்டரி சோர்ந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும் என்றே எவரும் எண்ணுவர். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. ஒப்பிட்டுப் பார்க்க உள்ளே வைத்திருக்கும் அளவும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. பூக்காரம்மாவின் கை குட்டையானால் அதே சரத்தில் முழம் கூடத்தானே செய்யும்? புது ஒன்பது வோல்ட் பேட்டரி போட்டதும் 238 இறங்கி 229 ஆனது.

இப்போது சமரசம் சாத்தியமாயிற்று. முள்: 204.5 முதல் 219.5 வரை. மஞ்சள்: 216 முதல் 242 வரை. மாமனார் மீட்டரின் தாள்படி 219 முதல் 223 வரை. மூவரும் சேர்ந்து நிற்க அரை வோல்ட் அகலத்தில் ஓர் ஒற்றையடிப் பாதை கிடைத்தது. அந்த இரவில் நான் சற்றுக் கர்வமாக இருந்த நேரம் அதுதான்.

இடைப்பிறவரலாக ஒரு செய்தி. போன மழைக்காலத்தில் பால்கனிக்குப் போகும் பழைய வயர் ஒன்றில், இரு முனையும் எதிலும் சேராமல் இருந்தும், மாமனாரின் மீட்டர் 87 வோல்ட் காட்டியது. டெஸ்டரும் மினுங்கியது. எலெக்ட்ரீஷியன் வந்து, "சார், அந்த டப்பாவ ஓரமா வைங்க" என்று டெஸ்ட் லாம்பை வைத்தார். பல்பு எரியவில்லை, மீட்டரும் பூஜ்யத்துக்கு வந்தது. அதே பைப்பில் ஓடும் லைவ் வயரின் நிழல் அது. மீட்டரின் உள்தடை ஒரு கோடி ஓம் என்பதால் அந்த நிழலே அதற்குப் போதும். எரியும் 60 வாட் குண்டு பல்புக்கோ தடை 880 ஓம்தான். அதற்கு நிஜமான கரண்ட் வேண்டும். வாசனையை வைத்துச் சோறு இருக்கிறது என்பது மீட்டர். இலை போட்டு உட்கார்வது பல்பு.

நிற்க. ஏழே முக்காலுக்குக் கரண்ட் போனது. எங்கள் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் விழித்துக்கொள்ள, ஹாலில் இருக்கும் அதன் பாயிண்டில் ஆய்வு தொடர்ந்தது. மாமனார் 230. மஞ்சள் 255! புது பேட்டரி போட்ட பின்பும்!

இங்கேதான் மஞ்சளின் நெடுநாள் ரகசியம் வெளிப்பட்டது. ஈ.பி. மின்சாரம் நொடிக்கு 50 முறை 325 வரை ஏறி, மறுபக்கம் அதே அளவு இறங்கும் அலை. திசையை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் 207. ஹீட்டரைச் சூடேற்றும் வலிமையை வைத்துக் கணக்கிட்டால் 230. நாம் வோல்டேஜ் என்று சொல்வது இதைத்தான். விலை குறைந்த மீட்டருக்கு இரண்டாம் கணக்குத் தெரியாது. சராசரியை எடுத்து, 1.11ஆல் பெருக்கி, தானே 230ஐ அளந்ததுபோல் காட்டும். அலை வளைவாக இருக்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை. எங்கள் இன்வெர்ட்டர் தருவது சதுரம். அதன் சராசரியே 230. மஞ்சள் பழக்க தோஷத்தில் அதையும் 1.11ஆல் பெருக்கிவிட்டது. மாமனாரின் மீட்டர் ட்ரூ ஆர்.எம்.எஸ். என்பதை அவர் அன்று நான்கு முறை சொன்னார்.

மேல்முறையீட்டுக்கு இடமுண்டா என்றால், உண்டு; டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில். பிரையன் ஜோசப்சன் 1962இல் ஆய்வு மாணவராக இருந்தபோது கணித்துச் சொன்ன விளைவைக் கொண்டு அங்கே வோல்ட்டை நிர்ணயிக்கிறார்கள். அதற்குத் திரவ ஹீலியத்தின் குளிர் வேண்டும்: பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி. எங்கள் ஃபிரிட்ஜ் தயிரைப் புளிக்காமல் வைத்தாலே பெரிது.

எட்டரை மணிக்கு, கரண்ட் இன்னும் வராத நிலையில், முடிவுரை எழுதுமுன் மூலச் சான்றுகளை இன்னொரு முறை சரிபார்க்க டார்ச்சோடு சமையலறைக்குப் போனேன். ஃபிரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் இணைப்பு கிடையாது. அது முக்கால் மணி நேரமாகச் சத்தமின்றி இருந்தது. முக்காலி போட்டு ஏறி ஸ்டெபிலைசரின் முள்ளை நேருக்கு நேர் பார்த்தேன்.

212.