வலைக்கூடத்து விமரிசகர்

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடை வந்துவிட்டால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகளுக்கு 61 நாள் ஓய்வு, கிழிந்த வலைகளுக்கு வைத்தியம். மணமேல்குடிப் பக்கம் எந்த வலை பின்னும் கூடத்தில் எட்டிப் பார்த்தாலும் ஒருவர் இருப்பார்: அறுபது தாண்டியவர், கையில் வலை ஊசி, சட்டைப் பையில் செல்போன், அதற்குள் ஒரு கதை. காதில் ஒயர் மாட்டுகிற வழக்கமெல்லாம் இல்லை. அவர் கேட்டால் கூடமே கேட்டாக வேண்டும்.

ஆனால் 'கேட்டேன்' என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். "பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் ரெண்டு தடவ படிச்சாச்சு தம்பி" என்பார். கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரவாரம் எழுதியதே இவர் வலை பின்னும்போது கேட்பதற்காகத்தான் என்கிற தோரணை.

இலங்கை வானொலியில் வளர்ந்த காது அது. கே.எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் அக்கரையிலிருந்து பக்கத்து வீட்டுப் பேச்சுபோலக் கேட்டவருக்கு இன்றைய ஒலிநூல் வாசிப்பாளர்கள் அத்தனை பேரும் பரீட்சை எழுத வந்த பிள்ளைகள். 'ழ' வராதவருக்கு முதல் அத்தியாயத்திலேயே பூஜ்யம். சோகக் கட்டத்தில் வயலினை இழுத்தால், "அழுவுறதா வேணாமான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன், நீ கதையச் சொல்லு" என்று போனைப் பார்த்தே அதட்டுவார். பாம்பே கண்ணன் தயாரித்த ஒலிநூலில் பாத்திரத்துக்கு ஒரு குரல் என்பதில் அவருக்குத் திருப்தி. "ஆளுக்கு ஆளு கூலி குடுத்திருக்கான்யா!" பேரன் வேகத்தை ஒன்றேகாலாக்கிக் காட்டியபோது வீடு ரெண்டுபட்டது. கே.எஸ். ராஜா அதைவிட வேகமாகப் பேசியவர்தானே என்று கேட்டால், அது வேறாம்.

உண்மையான சண்டை பூங்குழலியிடம். கோடிக்கரைப் பெண் வந்தியத்தேவனை ஏற்றிக்கொண்டு ஈழத்துக்குப் படகு வலிக்கிறாள். வாசிக்கிற அம்மா ஏ.சி. அறையில் உட்கார்ந்து தேனாகக் குழைகிறார். இவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "துடுப்பு வலிக்கிறவளுக்கு மூச்சு வாங்காதா? வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தியில்ல பேசுவா!" கூடமே தலையாட்டியது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இலக்கிய விமரிசனம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை.

கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் சாகப்போகிற நேரம் பார்த்து நண்டு ஏஜென்ட் போன் அடிப்பார். கரிகாலனைக் கொன்றது யாரென்று கல்கியே கடைசிவரை பிடி கொடுக்கவில்லை. நண்டு விலையாவது தெரிந்தது.

ஒரு ரகசியமும் உண்டு. ராத்திரி திண்ணையில் போர்வைக்குள் மெல்லிய சத்தத்தில் ஓடுவது கல்கி அல்ல, வேறொரு தொடர்கதை. மாமியார் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற மாப்பிள்ளை உண்மையில் ஆயிரம் கோடிக்கு அதிபதி. அது இன்னும் மாமியாருக்குத் தெரியாது. தெரிவதற்குள் நூற்றுக்கணக்கான பகுதிகள் போய்விட்டன. சந்தா கட்டியது பேரனின் கணக்கில். "சும்மா தூக்கம் வர்றதுக்கு" என்கிறார். மாமியாருக்கு எப்போது தெரியும் என்று மறுநாள் அவரிடமே விசாரிக்க ஆள் இருக்கிறது.

தடை முடிந்து படகு ஏறும்போது, சிக்னல் இல்லாவிட்டாலும் கேட்கட்டும் என்று பேரன் முன்கூட்டியே நாலு பாகத்தை இறக்கிக் கொடுத்தான். திரும்பி வந்ததும் புதுப் புகார்: என்ஜின் சத்தத்துக்கு மேலே எழும்புகிற தொண்டை இந்த வாசிப்பாளர்களில் ஒருத்தருக்கும் இல்லையாம்.