வயலைக் காப்பாற்றப் போய்த் தோற்பது எப்படி?

நீங்கள் லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற ஊரில் குடியிருப்பவர். 1749இல் தொடங்கிய பொட்டர் அண்ட் மூர் கம்பெனிக்கு லாவெண்டர் விளைந்த ஊர் இது. வயலெல்லாம் வீடாகிவிட்டது, லாவெண்டர் ஃபீல்ட்ஸ் என்று வார்டுக்குப் பெயர் மட்டும் உண்டு. ஆகவே லண்டனின் மறுகோடியில் என்ஃபீல்ட் கவுன்சில் தன் லோக்கல் பிளானில் விக்கரேஜ் ஃபார்ம் வயல்களை வீடுகளுக்குக் குறித்தால், கொதித்தெழ உங்களைவிடத் தகுதியானவர் யார்? அங்கே வீடு கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது இப்படிச் செய்யுங்கள்.

1. விளக்குக் கம்பத்தில் கட்டிய நோட்டீஸைப் படிக்காதீர்கள். பூனை தொலைந்தவர் ஒட்டியது என்று நினைத்துக் கடந்து போங்கள். கருத்துச் சொல்ல 21 நாள் தருவார்கள். இருபதாம் நாள் இரவு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அப்போது எழும்பினால் போதும்.

2. கடிதத்தின் முதல் வரியில் வீட்டு விலை விழுந்துவிடும் என்று எழுதுங்கள். அடுத்த வரியில் படுக்கையறை ஜன்னலில் தெரியும் காட்சி. இரண்டையும் பிளானிங் அதிகாரி கணக்கில் எடுக்க மாட்டார். பிறகென்ன, தாராளமாக எழுதுங்கள்.

3. மண்ணின் தரத்தை மட்டும் கேட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் விளைநிலத்தை 1 முதல் 5 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். மூன்றில் 3ஏ, 3பி என்று இரண்டு. 1, 2, 3ஏ என்றால் உயர்ந்த நிலம், அதை இழப்பதைக் கவுன்சில் சீர்தூக்கியாக வேண்டும். அப்பா வரப்பில் குந்தியிருந்து ஈரமண்ணை விரலால் நசுக்கி, எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று சொன்னதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அந்த வயல்களின் களிமண்ணில் மழைவெள்ளம் எங்கே வடியும் என்று ஒரு கேள்வி போட்டால் கட்டுமான நிறுவனத்தின் ஆலோசகர் வேர்த்துப் போவார். பாவம், விட்டுவிடுங்கள். ‘பசுமை நம் மூச்சு’ என்று எழுதி மூன்று ஆச்சரியக்குறி போடுங்கள்.

4. அந்தக் கடிதத்தையே இருநூறு பேருக்கு அனுப்புங்கள். எல்லோரும் உங்கள் கதவிலக்கத்தோடு அனுப்பட்டும்.

5. கமிட்டியில் பேச மூன்று நிமிடம் கிடைத்தால், இரண்டரை நிமிடம் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வந்திருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம் சொல்லுங்கள். வடிகால் என்று வாயெடுக்கும்போது மணி அடிக்க வேண்டும். பொன்னாடை போர்த்த நேரமில்லை என்பதுதான் குறை.

6. விண்ணப்பம் தள்ளுபடியானால் கேக் வெட்டுங்கள். கட்டுகிறவர் ஆறு மாதத்துக்குள் அப்பீல் போகலாம் என்பதைக் கேக் முடிந்தபின் கேட்டுக்கொள்ளலாம். அனுமதி கிடைத்துவிட்டாலோ, உங்களுக்கு அப்பீலே கிடையாது. நீதிமன்ற மறுஆய்வு ஒன்றுதான், அதுவும் ஆறு வாரத்துக்குள். அந்த ஆறு வாரமும் கவுன்சிலர் காசு வாங்கிவிட்டார் என்று கலியாண வீடுகளில் சொல்லித் திரியுங்கள். ஆதாரம் தேடாதீர்கள்.

7. களைப்பாக இருக்கும். இலங்கையில் ஊருக்குப் போன் போடுங்கள். தம்பியிடம் அப்பாவின் வயலுக்கு மண் அடித்துத் துண்டு போடச் சொல்லுங்கள். “அண்ணை, 2000ஆம் ஆண்டு கமநலச் சட்டம் இருக்கு. ஆணையாளர் நாயகத்தின்ர எழுத்து அனுமதி இல்லாமல் வயலை நிரப்பேலாது” என்று அவர் இழுப்பார். அசையாதீர்கள். “அதைப் பேந்து பாப்பம். பரப்பு என்ன விலை போகுது?” என்று கேளுங்கள்.