சர்வரின் பாட்டு யார் காதுக்கு? ஒலி உரிமை குறித்த ஓர் ஆய்வு

சர்வர் என்பது இயல்பில் ஊமை ஜீவன். ஃபேன் இரைச்சலே அதன் தாய்மொழி. ஆனால் பழைய டெஸ்க்டாப் ஒன்றுக்கு லினக்ஸ் ஏற்றிச் சர்வர் என்று பட்டாபிஷேகம் செய்தால், அதன் சவுண்ட் சிப் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கும் கூடவே வந்துவிடுகிறது. அவ்வழக்கை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லினக்ஸின் பழைய ஒலி அமைப்பான ஓஎஸ்எஸ் காலத்தில் சட்டம் எளிது. பெரும்பாலான கார்டுகளில் முதலில் திறந்தவனுக்கே பாட்டு. மற்றவனுக்கு 'டிவைஸ் பிஸி'. 2003 இறுதியில் 2.6 கெர்னலோடு அதன் இடத்துக்கு அல்சா வந்தது. ஒலிச் சாதனக் கோப்புகளுக்கு ரூட் பெயரிலும் 'ஆடியோ' குழுவின் பெயரிலும் பட்டா. அனுமதி எண் 0660. பிறகு வந்த, லாகின்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி-லாகின்டியோ, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் அவ்வப்போது உரிமை எழுதித் தருகிறது. ரிமோட் டெஸ்க்டாப்பில் வருபவருக்கு அதன் கணக்கில் இருக்கையே கிடையாது. ஆகவே பாட்டும் கிடையாது.

இங்கேதான் நாட்டு வைத்தியம் நுழைகிறது: எல்லாரையும் ஆடியோ குழுவில் சேர்த்துவிடுவது. விளைவு விசித்திரமானது. பயனர் தன் வீட்டில் பிளே பட்டனை அழுத்த, சர்வர் அறை ஸ்பீக்கரில் பாட்டு பாடுகிறது. கேட்பது ஏசி மட்டும். செவிடன் காதில் ஊதிய சங்கென்றால் இதுதான். சிரித்து முடிப்பதற்குள் இன்னொன்று: அந்தக் குழு ஸ்பீக்கரோடு மைக்கையும் சேர்த்தே தானம் செய்கிறது. எஸ்எஸ்எச் வழியாக நுழையும் குழு உறுப்பினர் எவரும் 'ஏரெக்கார்ட்' என்று தட்டி, மெஷின் பக்கத்தில் நடக்கும் பேச்சைப் பதிவு செய்யலாம். கேன்டீன் வம்புக்கு இவ்வளவு வசதி தேவையில்லை.

முறையான மார்க்கம் வேறு. ரிமோட் டெஸ்க்டாப் சர்வரான எக்ஸ்ஆர்டிபிக்கென்று உள்ள ஒலி மாட்யூல், ரிமோட் செஷனின் ஒலிச் சேவையான பல்ஸ்ஆடியோவிலோ பைப்வயரிலோ மெய்நிகர் ஸ்பீக்கர் ஒன்றை அமைத்து, ஒலியை ஆர்டிபி இணைப்பு வழியாகவே பயனரின் ஹெட்போனுக்கு அனுப்புகிறது. சர்வரின் சவுண்ட் கார்டைத் தொடவே வேண்டாம். கார்டு இல்லாவிட்டாலும் பாடும்.

அந்த மாட்யூல் இல்லையென்றால் செட்டிங்ஸில் 'டம்மி அவுட்புட்' என்று வரும். வால்யூம் ஏறும், மீட்டர் ஆடும், சத்தம் மட்டும் வராது. கணினி உலகில் இவ்வளவு நேர்மையாகப் பெயர் வைக்கப்பட்ட பொருள் வேறில்லை.

ஆகவே அட்மின் பெருமக்களே, ஆடியோ குழுவிலிருந்து ரிமோட் பயனர்களின் பெயர்களை நீக்குங்கள், மாட்யூலை நிறுவுங்கள். பல்ஸ்ஆடியோவின் பதிப்பு மாறினால் மாட்யூலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருக்கும். அன்றைக்கு போனை சைலன்டில் போட்டுவிடாதீர்கள்.