செவ்வாய் தோஷமும் பீட்டா பதிப்பும்

டெபியன் லினக்ஸில் எந்நாளும் பக்குவப்படாமலே இருக்கும் பதிப்புக்கு 'சிட்' என்று பெயர். 'டாய் ஸ்டோரி' படத்தில் பொம்மைகளைப் பிய்த்துப் போடுவானே பக்கத்து வீட்டுப் பையன், அவன் பெயர்தான். இதற்குமேல் ஒரு மென்பொருள் வாயைத் திறந்து எச்சரிக்க முடியாது. இருந்தும் ஆல்பா, பீட்டா என்று எந்தச் சோதனைப் பதிப்பு வந்தாலும் முதல் ஆளாக நிறுவிவிட்டு, 'வேலை செய்யவில்லை' என்று கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு. எங்கள் குடும்பத்தில் அந்தப் பொறுப்பை மாமா வகிக்கிறார்.

மாமா ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்த கை. ஒரு திறமூல எழுத்துச் செயலியின் பீட்டாவில் தேடல் படுத்துகிறது என்று கண்டதும் புகார் தயாரித்து, ஆங்கிலத்தில் போட்டு அனுப்பச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

"பொருள்: மென்பொருள் சரிவர இயங்காமை தொடர்பாக. ஐயா, வணக்கம். மேற்படி மென்பொருளில் தேடும் வசதி முறையாகச் செயல்படாததால் பொதுமக்கள் பெரிதும் அவதிக்குள்ளாகின்றனர். எனவே தாங்கள் இதில் தனிக்கவனம் செலுத்தி, போர்க்கால அடிப்படையில் நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

நடையில் குறை சொல்ல முடியாது. ஆனால் இதை வைத்துக்கொண்டு எந்த நிரலரும் ஒரு காற்புள்ளியைக்கூட நகர்த்த முடியாது. மனுவின் வேலை மனத்தை இளக்குவது. பக் ரிப்போர்ட் எனப்படும் கோளாறுப் புகாரின் வேலை, அதே கோளாறை நிரலரின் கணினியிலும் வரவழைப்பது. அங்கே வந்துவிட்டால் பாதி தீர்ந்த மாதிரி. வராவிட்டால், 'எனக்கு ஒழுங்காகத்தானே ஓடுகிறது' என்று மூடிவிடுவார்கள்.

"எதைத் தேடினீங்க மாமா?"

"கொடுக்கல் வாங்கல்னு தேடினேன். இல்லவே இல்லைங்குது. கண்ணு முன்னால இருக்கு மாப்ளே!"

"எல்லா ஃபைல்லயுமா?"

"பழைய ஃபைல்ல மட்டும். வெறும் 'வாங்கல்'னு தேடினா வந்துடுது."

"போன பதிப்புல?"

"அதுல வந்துச்சே. ஆனா பழைய ஃபைல், வாங்கல் மட்டும் வருதுன்னெல்லாம் எழுதினா சிரிக்க மாட்டாங்களா?"

சிரிக்க மாட்டார்கள். உபுண்டு லினக்ஸில், ஓப்பன்ஆபீஸ் செவ்வாய்க்கிழமைகளில் அச்சடிக்க மறுக்கிறது என்று ஒரு புகார் வந்தது. அந்தக் கிழமையைக் கவனித்துச் சொன்னவர், அவதிப்பட்ட ஒருவருடைய மனைவி. நம்மூராக இருந்தால் பிரிண்டருக்குச் செவ்வாய் தோஷம் என்று பரிகாரம் செய்து முடித்திருப்போம். உண்மையில், எந்தக் கோப்பு என்ன வகை என்று பார்த்துச் சொல்லும் சின்ன நிரல் ஒன்று, அச்சுக் கோப்பின் தேதியில் செவ்வாயைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகளைக் கண்டதும் அதை எர்லாங் என்ற நிரல்மொழியின் கோப்பு என்று முடிவுகட்டிக்கொண்டிருந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிற விவரம்தான் பெரும்பாலும் துப்பு.

மாமாவின் விஷயத்திலும் அப்படித்தான். யூனிகோடில் 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பழைய கோப்பில் கொம்பும் காலும் தனிக்குடித்தனம். மாமா புதிதாக அடித்தது கூட்டுக்குடும்பம். பீட்டாவுக்கு இரண்டும் வேறு வேறு சொல். தமிழ் எழுத்தையே பார்த்திராத நிரலருக்கு, திரையைப் படம் பிடித்து அனுப்பினால் மட்டும் இது விளங்காது. மாதிரிக் கோப்பும் வேண்டும்.

'போன பதிப்பில் வந்தது' என்பது அதைவிடப் பெரிய துப்பு. சரியாக ஓடிய பதிப்புக்கும் கெட்டுப்போன பதிப்புக்கும் இடையே ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும், நடுவில் ஒன்றை எடுத்துச் சோதித்துப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால், ஏறக்குறைய பத்துச் சோதனையில் குற்றவாளி அகப்பட்டுவிடும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' (Git) கருவியில் இதற்கென்றே 'பைசெக்ட்' என்ற கட்டளை இருக்கிறது.

இதே புகாரை வேறு யாராவது ஏற்கெனவே போட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தோம், இல்லை. பதிப்பு எண், இயங்குதளம், செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது என்று வரிசையாக எழுதினோம். எழுத்துரு, அச்சு, மெனுவின் நிறம் என்று மாமா சேர்க்கப் பார்த்த உபரிக் குறைகளை, ஒரு புகாருக்கு ஒரு கோளாறுதான் என்று சொல்லித் தள்ளிவைத்தேன். இணைக்க அவர் எடுத்த கோப்பைத் திறந்தால், மகளுடைய ஜாதகமும் வரதட்சணைக் கணக்கும். பக் ரிப்போர்ட்டில் இணைப்பதை உலகமே பார்க்கும் என்றதும் மாமா பதறிப்போனார். கோளாறு வருகிற ஒரு வரியை மட்டும் புதுக் கோப்பில் ஒட்டி அனுப்பினோம்.

பதில் வந்தது: கோளாறு உறுதியாகிவிட்டது, இன்றிரவுப் பதிப்பில் திருத்தம் சேர்கிறது, அதை நிறுவிச் சோதித்துச் சொல்லவும்.

மாமா கடைசி வரியை இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"மனு குடுத்தவனையே வேலை வாங்குறானுங்க பாரு மாப்ளே! எங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் இது தோணாமப் போச்சே!"