அசரீரிக்கு ஒரு மிஸ்டு கால்

மேடையில் வசனம் மறந்து முழிப்பவனுக்குப் பின்னாலிருந்து முதல் வார்த்தையைச் சொல்வதற்கு அடியெடுத்துக் கொடுப்பது என்று பெயர். அந்தச் சேவையைப் பெற்றவர்களிலேயே பெரிய கை எங்கள் ஊர்க்காரர். 12-ஆம் நூற்றாண்டில் குன்றத்தூர் சேக்கிழார், அமைச்சர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தில்லைக்குப் போய், எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் கைகூப்பி நின்றார். ஆடிக்கொண்டிருந்தவரே முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தாராம். வயர் கிடையாது, பேட்டரி கிடையாது, வாடகை கிடையாது. 4,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் ஓடி முடிந்தன. அதே குரல் அனபாய சோழன் காதிலும் விழுந்து, புராணம் தயார் என்று சேதி சொன்னதாகச் சேக்கிழார் புராணம் சொல்கிறது. புலவருக்கும் ராஜாவுக்கும் ஒரே லைன்!

பின்னால் வந்தவர்களுக்கு அசரீரி அமையவில்லை. தெருக்கூத்தில் கட்டியக்காரனை வைத்துச் சமாளித்தார்கள். பார்வைக்குக் கோமாளி, பார்த்த வேலை இண்டர்காம். துரியோதனனுக்கு இன்னும் கிரீடம் கட்டி முடியவில்லையா? ஊர்ப் பெரியவரைக் கிண்டலடித்தே கால்மணி நேரத்தை ஓட்டிவிடுவான். பெட்ரோமாக்ஸ் மங்குகிறதா? "மகாராஜா வர்ற நேரத்துல அரண்மனை இருட்டா கிடக்கே, எவன்டா அங்க, பம்ப் அடிடா!" வசனமும் ஆச்சு, வேலையும் ஆச்சு.

கம்பெனி நாடகக் காலத்தில் விசில் வந்தது. ஊதினால் திரை ஏறும், ஊதினால் இறங்கும். சீமையில் மேடைமேல் சீட்டியடிப்பதே ஆகாது என்பார்கள். அங்கே கயிறு இழுத்தவர்கள் பழைய மாலுமிகளாம். எவன் சீட்டியடித்தாலும் யார் தலையிலாவது சீனை இறக்கிவிடுவார்களாம். நம் சங்கடம் வேறு. விசிலடிப்பதற்கென்றே டிக்கெட் வாங்குகிற ஜனம் நாம்.

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் வரும் சாலையில்தான் பம்மல் இருக்கிறது. 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய சம்பந்த முதலியாரின் பெயருக்கு முன்னால் நிற்கும் அதே பம்மல். அவர் வக்கீல், பிற்பாடு நீதிபதி. சபையிலும் வக்கீல்கள் உண்டு. கோர்ட்டில் ஜூனியர் எடுத்துக் கொடுத்தே பழகியவர்களுக்குப் பிராம்ப்டர் புதிதாகவா இருந்திருப்பார்?

1968-ல் சான் பிரான்சிஸ்கோவில், ராக் கச்சேரிகளின் இரைச்சலுக்கு நடுவே கிளியர்-காம் என்கிற மேடை இண்டர்காம் பிறந்தது. இடுப்பில் பெட்டி, காதில் ஹெட்செட், எல்லோருக்கும் ஒரே லைன். அந்த விலைக்கு எங்கள் குழு ஒரு வருஷம் நாடகம் போடும். ஆகவே இரண்டு பழைய டெலிபோன்களை 9 வோல்ட் பேட்டரியோடு தொடராக இணைத்தோம். குரல் கணீரென்று வந்தது. ஆனால் மணி அடிக்க அந்தப் பேட்டரிக்குத் தெம்பு போதாது. 'போனை எடுங்க' என்று சொல்வதற்கு ஒரு பையனை ஓடவிட்டோம்.

அப்புறம்தான் மிஸ்டு கால். ஒன்று வந்தால் லைட், இரண்டு வந்தால் திரை. போன் சட்டைப் பையில், வைப்ரேஷனில் இருக்கும்.

நாடகம், வேறென்ன, சேக்கிழார்தான். நடராஜர் முன்னால் கைகூப்பி நிற்கிறார். கொட்டகையில் குண்டூசி விழுந்தால் கேட்கும். அசரீரிக்கான மைக்கை ஆன் செய்து, திரைக்கயிற்றுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து, பர்சனல் லோன் கொடுத்தே தீருவதென்றிருந்த ஒரு பெண் கயிற்றுக்காரருக்கு இரண்டாவது தடவையாக அடித்தாள். திரை விழுந்தது. மனிதர் போனை எடுத்தார். தில்லையம்பலம் முழுக்க அசரீரி ஒலித்தது:

"வட்டி எவ்வளவு மேடம்?"