லின்னேயஸ் போட்ட பயணப்படி பில்

பாடப்புத்தகத்தில் பொய்முடியும் மெடலுமாக, தாவரவியல் முழுவதற்கும் தானே பட்டா வாங்கியவர் மாதிரி உட்கார்ந்திருப்பாரே கார்ல் லின்னேயஸ், அவருக்கு 24 வயதில் கையில் காசு கிடையாது. ஸ்வீடனின் உப்சாலாவில் பேராசிரியர் ஒலாஃப் ருட்பெக்கின் வீட்டில் தங்கி, அவர் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். ருட்பெக் 1695-இல் வடகோடி லாப்லாந்துக்குப் போய்ச் செடிகொடிகளைப் பார்த்து வந்தவர். கொண்டுவந்த குறிப்புகளில் பெரும்பகுதி 1702-இல் உப்சாலா நகரமே பற்றியெரிந்த தீயில் போய்விட்டது. மனுஷர் அதோடு செடிகளை விட்டார். லாப்லாந்தின் சாமி இனத்தார் பேசும் மொழிக்கும் ஹீப்ரூவுக்கும் உறவுமுறை கண்டுபிடிக்கக் கிளம்பிவிட்டார். ஆராய்ச்சி கருகிப்போனவர்கள் மொழி ஆராய்ச்சிக்குத் தாவுவதும், எந்த மொழியையும் எந்த மொழிக்கும் சித்தப்பா ஆக்குவதும் நமக்குப் புதிதல்ல.

ருட்பெக் கோட்டை விட்ட இடத்தில் டியூஷன் வாத்தியார் நுழைந்தார். உப்சாலாவின் அரச அறிவியல் கழகத்துக்கு ஒரு மனு எழுதினார். லாப்லாந்துக்கு அனுப்பத் தகுந்த ஆள் எப்படி இருக்க வேண்டும் என்று மனுவிலேயே விளக்கம்: ஸ்வீடன்காரனாக, இளைஞனாக, சோர்வே அறியாதவனாக, கல்யாணம் ஆகாதவனாக, செடி, விலங்கு, கல் மூன்றும் தெரிந்தவனாக, படம் வரையத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். இந்தத் தகுதிகள் அத்தனையும் உள்ள ஆள் நாட்டிலேயே ஒருவர்தான்; மனுவின் கீழே கையெழுத்துப் போட்டவர். நம்மூர் அலுவலகங்களில் ஆளைப் பார்த்துவிட்டு விளம்பரம் எழுதுவார்களே, அந்தக் கலை ஆர்க்டிக் வட்டம்வரை பரவியிருந்தது. கழகம் 400 செப்பு டாலர் கொடுத்தது. கேட்டதைவிடக் குறைவு. இந்தக் குறைவை அவர் மறக்கவில்லை என்பது கடைசியில் தெரியும்.

1732 மே 12. ஸ்வீடனின் அன்றைய காலண்டர்படி மறுநாள் அவருக்கு 25 வயது முடிகிறது. குதிரை மேல் ஏறினார். தோல் கால்சட்டை, பச்சைத் தோல் தொப்பி, தலையில் பொய்முடி, இடுப்பில் சிறு வாள், தொடைக்கடியில் துப்பாக்கி. பையில் மைக்கூடு, நுண்ணோக்கி, தொலைநோக்கி, செடிகளை உலர்த்தக் காகிதம், கொசுவுக்கு வலைத்தொப்பி. சட்டை மட்டும் ஒன்றே ஒன்று. ஐந்து மாதப் பயணத்துக்கு ஒரு சட்டை போதும் என்று நினைத்தவர் பிற்காலத்தில் உலகத்தையே ஒழுங்குபடுத்தப் போகிறார்.

வழியில் ஒரு குதிரையின் தாடையெலும்பு கிடந்தது. நாமாக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்திருப்போம். அவர் குதிரையை விட்டு இறங்கிப் பல்லை எண்ணினார். எந்த விலங்குக்கு எத்தனை பல், எத்தனை முலைக்காம்பு, எங்கெங்கே என்று தெரிந்துவிட்டால் போதும், நாலுகால் பிராணிகள் அத்தனையையும் வரிசைப்படுத்திவிடலாம் என்று அங்கேயே யோசனை உதித்தது. பாலூட்டிகள் என்ற வகுப்புக்குப் பிற்பாடு அவர்தான் பெயர் வைத்தார்.

மே இறுதியில் உமே ஆற்றை எதிர்த்து உள்நாட்டுக்குப் போனார். அருவி வந்தால் வழிகாட்டி படகைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறைக்குப் பாறை ஓடுகிறார். வெறுங்கையோடு வரும் விஞ்ஞானியால் அவரை எட்டிப் பிடிக்க முடியவில்லை. லிக்செலேக்கு அப்பால் சதுப்பு நிலம். பனி உருகும் பருவம். முழங்கால் வரை ஐஸ் தண்ணீர், பசி, தூக்கமில்லை. நரகத்தை வர்ணிக்கும் பாதிரியார்கள் இந்த இடத்தைப் பார்த்ததில்லை என்ற அளவுக்கு நாட்குறிப்பில் புலம்பல். வழி கேட்கப் போன வழிகாட்டி ஒரு சாமிப் பெண்மணியை அழைத்துவந்தார். அந்த அம்மாள் இவரைப் பார்த்துப் பயப்படவில்லை, வணங்கவுமில்லை. இந்தப் பாவப்பட்ட பிள்ளைக்கு என்ன தலையெழுத்தோ என்று இரக்கப்பட்டார். சாப்பிடக் கிடைத்த மீனின் வாயில் புழு. கடைசியில் ஒரு ரெயின்டீர்ப் பாலாடைக்கட்டியை வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பினார். ஆர்க்டிக் தாவரவியலின் முதல் பெரும் படையெடுப்பு சேற்றில் வாபஸ்.

ஆனாலும் சேற்றில் நின்றுகொண்டே மனுஷர் கனவு கண்டார். சதுப்பில் ஒரு குட்டிச் செடி, இளஞ்சிவப்பாய்த் தலை குனிந்த பூ, வேரெல்லாம் தண்ணீரில், சுற்றிலும் தவளை. உடனே அவருக்குக் கிரேக்கக் கதையில் கடற்பாறையில் சங்கிலியால் கட்டப்பட்ட இளவரசி ஆண்ட்ரோமிடா ஞாபகம் வந்தாள். நாட்குறிப்பில் செடியையும் பக்கத்திலேயே ஆடையில்லாத இளவரசியையும் வரைந்தார். கடல் அரக்கன் வேஷம் அங்கிருந்த பல்லி மாதிரி நீர்ப்பிராணி ஒன்றுக்கு. இன்றும் அந்தச் செடியின் பெயர் ஆண்ட்ரோமிடா போலிஃபோலியா.

ஜூலையில் குவிக்யொக்கிலிருந்து மலையேறினார். மரங்கள் குட்டையாகி, புதராகி, பிறகு இல்லாமலே போயின. காலடியில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் அவருக்குப் பெயர் தெரியாது. அங்கே அவருக்கு இரட்டை வியப்பு. ஒன்று, செடிகள். இன்னொன்று, வழிகாட்டியாக வந்த எழுபது வயதுச் சாமிக் கிழவர். மூட்டையைச் சுமந்துகொண்டு விளையாட்டாக ஓடுகிறார்; பின்னால் 25 வயது வாலிபர் நாக்குத் தள்ள வருகிறார். இவர்களுக்கு மட்டும் எப்படி இந்த வேகம் என்று லின்னேயஸ் உட்கார்ந்து பட்டியல் போட்டார்: குதிகால் உயராத செருப்பு, இறைச்சி உணவு, அளவான சாப்பாடு. உட்கார்ந்து மூச்சு வாங்கவும் அது நல்ல சாக்கு.

உண்மையான பாடம் சாமி இனத்தாரின் கூடாரங்களுக்குள் நடந்தது. காலுறை இல்லாமல் உறைபனியில் நடப்பது எப்படி? கோரையை அறுத்து, உலர்த்தி, அடித்து மென்மையாக்கிச் செருப்புக்குள் திணி. குழந்தைத் தொட்டிலில் எதை விரிப்பது? ஈரத்தை உறிஞ்சும் சதுப்புப் பாசியை. மெத்தை? இன்னொரு பாசியைக் கம்பளமாகவே பெயர்த்தெடு. படுத்தெழுந்து, சுருட்டிக் கொண்டுபோ. பாலைக் கெட்டியாக்க? பூச்சி தின்னும் பிங்குயிகுலாவின் இலை. விவசாயி பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத தரிசு என்று துப்பிவிட்டுப் போகும் வெள்ளை லைக்கன் மேடுதான் சாமி இனத்தாரின் நன்செய். குளிர்காலத்தில் ரெயின்டீர் பனியைக் குளம்பால் தோண்டித் தின்பது அதைத்தான். கோடையில் அதே ரெயின்டீர் மலையுச்சிப் பனிக்கு ஓடுவது காற்று வாங்க அல்ல, தோலுக்குள் குஞ்சு வைக்கும் ஈக்குப் பயந்து. செடி, மிருகம், ஈ, மனிதன் எல்லாம் ஒரே கணக்கு என்பதை இன்று சூழலியல் என்று தடித்த புத்தகமாகப் படிக்கிறோம். கூடாரத்தில் அதைப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயமாக வைத்திருந்தார்கள், லின்னேயஸ் குறிப்பெடுத்துக்கொண்டார்.

அவருக்கே உரிய பெருமையும் உண்டு. டோர்னியோ ஊரில் வசந்தம் வந்து மாடுகளை மேய விட்டதும் அவை வயிறு வீங்கிச் சாகும். லின்னேயஸ் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். ஈரமான ஓரத்தில் சிக்கூட்டா விரோசா என்ற நச்சுச்செடி. குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்த மாடு முதல் பச்சையைப் பார்த்தால் விஷமா விருந்தா என்று முகர்ந்து பார்க்குமா? கூலிக்கு ஒரு பெண்ணை வைத்து அதைப் பிடுங்கச் சொல்லுங்கள் என்றார். அவர் சொன்னதிலேயே செலவு குறைந்த யோசனை இதுதான்.

அக்டோபரில் பின்லாந்துக் கரை வழியாக உப்சாலா திரும்பி, பில் போட்டார். இங்கேதான் ஆடிட் அப்ஜெக்ஷன். பயணத்தின் பெரும்பகுதி போத்னியா வளைகுடாவின் கரையோரச் சாலை; உயர் மலையில் இருந்தது சில வாரங்களே. ஆனால் கழகத்துக்குக் கொடுத்த அறிக்கையில் உள்நாட்டில் ஒரு பெருஞ்சுற்று இருக்கிறது. நாட்குறிப்பின் தேதிகளை வைத்துப் பார்த்தால், அத்தனை தூரத்தை அத்தனை நாளில் கடக்க ரெயின்டீருக்கும் இறக்கை வேண்டும். வரலாற்றாசிரியர்கள் இதைக் கண்டுபிடித்துச் சங்கடத்தோடு இருமுகிறார்கள். போகாத ஊருக்குப் பயணப்படி எழுதிய அனுபவம் உள்ளவர்கள் யாரும் இருமமாட்டார்கள்.

பொய் தூரமோ மெய் தூரமோ, 1737-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான ‘ஃப்ளோரா லாப்போனிக்கா’ நிஜமான புத்தகம். 534 தாவரங்கள், வடக்கின் பச்சைக்கு ஒரு முறையான பதிவேடு. அதே ஆண்டு ஹாலந்தில் அவர் சாமி உடையில் ஓவியருக்குப் போஸ் கொடுத்தார். தலையில் பெண்கள் கோடையில் அணியும் தொப்பி, உடம்பில் வேறு வட்டாரத்தின் குளிர்கால அங்கி, இடுப்பில் பூசாரியின் முரசு. சாமி இனத்தார் முரசு வைத்திருந்தால் பாதிரியார்கள் பறித்துக்கொண்ட காலம் அது. ஹாலந்துக்காரர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்ற தைரியம்.

படத்தில் கையில் ஒரு சின்னப் பூ: இரட்டை இரட்டையாகத் தொங்கும் லின்னேயா போரியாலிஸ். நண்பர் குரோனோவியஸ் வைத்த பெயர். தாழ்வானது, யாரும் கண்டுகொள்ளாதது, என்னைப் போலவே என்று லின்னேயஸ் அடக்கத்தோடு எழுதினார். வட துருவத்தைச் சுற்றிய காடுகள் நெடுகப் படரும் ஒரு செடிதான் அந்த அடக்கத்துக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு பெயர் தானம் தாராளமாக நடந்தது. உப்சாலாவில் அவரிடம் படித்த ஜோஹன் கெர்ஹார்ட் கோனிக் ஐஸ்லாந்துக்குப் போய்ச் செடி சேகரித்தார். அங்குள்ள ஒரு விரலளவுச் செடிக்குக் கோனிஜியா இஸ்லாண்டிக்கா என்று 1767-இல் பெயர் வைத்தார் குரு. ஆர்க்டிக் செடிகள் பொதுவாகப் பல்லாண்டுக்காரர்கள். முளைத்து, பூத்து, விதைத்து முடிக்க ஒரு கோடை போதாது. இதுவோ சில வாரங்களில் மொத்த ஆயுளையும் முடிக்கும் அவசரக்காரன். மறு ஆண்டே கோனிக் டாக்டராக வந்து இறங்கிய இடம், நம் தரங்கம்பாடி. அங்கிருந்து குருவுக்குச் செடிகள் போயின. 1771-இல் கறிவேப்பிலைக்கும் கோனிக் பெயர் வந்தது. இன்று அது பரவலாக அறியப்படும் பெயர் முர்ராயா கோனிஜியை.

வேலை முடிந்ததும் ஆளைக் கறிவேப்பிலையாய் ஒதுக்குவது என்போம். படகைத் தலையில் சுமந்தவர், மலையேற்றிய கிழவர், சேற்றில் இரக்கப்பட்ட அம்மாள் என எல்லோருக்கும் அதுதான் நடந்தது; லின்னேயஸ் வைத்த ஆயிரக்கணக்கான பெயர்களில் இவர்களுக்கென்று ஒரு பாசிகூடக் கிடையாது. கறிவேப்பிலைக்கோ லத்தீனில் பெயர், பின்னால் ஒரு டாக்டர், சர்வதேச அங்கீகாரம். ஒதுக்கப்பட்டவர்களுக்கு இனி வேறு உதாரணம் தேடுவதுதான் நியாயம்.